ஃபுல் ஸ்கிரீனாம் ஃபுல் ஸ்கிரீன்!

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, கிராபிக்ஸ் கார்டு செத்துருச்சு போல. கேம் நகரவே மாட்டேங்குது. கடையில கேட்டா புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாங்க."

அவன்கிட்ட இருக்கறது 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. வயசான கார்டுதான். ஆனா முந்தின வாரம் வரைக்கும் ஒழுங்கா ஓடின கார்டு. திடீர்னு சாகற அளவுக்கு என்ன வியாதி? தோண்டித் துருவினதுல, "ஒண்ணும் மாத்தல மாமா... மானிட்டர் மட்டும்தான் புதுசு. 4கே!" என்கிறான்.

சரிதான்.

நேரில் போய்ப் பார்த்தேன். கேம் மெனுவில் 'ஃபுல் ஸ்கிரீன்' என்றுதான் இருக்கு. அதுக்குக் கீழே ரெசல்யூஷன் 3840 x 2160, சாம்பல் நிறத்துல, தொடவே முடியாம. பழைய மானிட்டர்ல 1920 x 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகளை வரைஞ்சுக்கிட்டிருந்த கார்டு, இப்ப ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 83 லட்சம் புள்ளி வரையுது. நாலு மடங்கு! பாவம், மூச்சு வாங்காம என்ன செய்யும்?

இந்த 'ஃபுல் ஸ்கிரீன்' உண்மையில் ஃபுல் ஸ்கிரீனே இல்ல மக்களே. நிஜமான எக்ஸ்க்ளூசிவ் ஃபுல் ஸ்கிரீன்னா, கேம் மானிட்டரை மொத்தமா குத்தகைக்கு எடுத்துக்கும். 1080 போதும்னு நீங்க சொன்னா மானிட்டரையே 1080-க்கு மாத்தும், கேமை மூடினதும் விண்டோஸ் பழையபடி திரும்பிடும். இங்க இருந்தது பார்டர்லெஸ். சாதாரண ஜன்னலோட ஓரத்தையும் மேல் பட்டையையும் உருவிட்டு டெஸ்க்டாப் அளவுக்கு இழுத்து விட்டது. டெஸ்க்டாப் 4கேன்னா ஜன்னலும் 4கே.

நான் பார்டர்லெஸ்ஸுக்கு எதிரி இல்லை. சொல்லப்போனா பரம ரசிகன். டைரக்ட்எக்ஸ் 9 காலத்துல ஆல்ட்-டேப் அடிச்சுப் பார்த்தவங்களுக்கு அந்த வலி தெரியும். குத்தகை கைமாறினதும் கார்டுல இருந்த படங்களையெல்லாம் கேம் மறுபடி ஏத்தணும். அதை ஒழுங்கா எழுதாத கேம்கள் ஏராளம். மெயில் வந்திருக்கான்னு பார்க்கப் போயிட்டுத் திரும்பினா திரை கறுப்பு, சேவ் பண்ணாத ஒன்றரை மணி நேரம் அம்பேல். பார்டர்லெஸ்ல அந்தப் பயமே இல்லை. பக்கத்து மானிட்டர்ல பாட்டை மாத்தலாம், அம்மா கூப்பிட்டா ஓடலாம்.

'பார்டர்லெஸ் போட்டா லேட் ஆகும்'னு இன்னமும் மந்திரம் ஓதறவங்க இருக்காங்க. ஒரு காலத்துல அது நிஜம்தான். விஸ்டாவுல வந்த டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர், எல்லா ஜன்னலையும் தானே ஒட்டித்தான் திரைக்கு அனுப்பும். அதனால ஒரு ஃபிரேம் பிந்தலாம். 60 ஹெர்ட்ஸ்ல அது சுமார் 16 மில்லி செகண்ட். விண்டோஸ் 8-லிருந்து அதை அணைக்கவும் வழியில்லாமப் போச்சு. ஆனா ஃபிளிப் மாடல் வந்த பிறகு, கேம் ஜன்னல் திரையை முழுசா மூடிட்டா ஒட்டுற வேலையை விட்டுட்டுப் படத்தை நேரா அனுப்பிட முடியும். விண்டோஸ் 11-ல் 2022 அப்டேட்டோட பழைய டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்களுக்கும் இதுக்குன்னு ஒரு ஸ்விட்ச் குடுத்துட்டாங்க. வேகத்தை வச்சுப் போடற சண்டை பெரும்பாலும் முடிஞ்சு போன சண்டை.

முடியாத விஷயம் அந்தப் பெயர்தான். எக்ஸ்க்ளூசிவை எடுக்கணும்னா தாராளமா எடுங்க, நான் அழ மாட்டேன். ஆனா எடுத்த இடத்துல பார்டர்லெஸ்ஸை வச்சுட்டு அதே பழைய போர்டை ஏன்யா மாட்டுறீங்க? மாட்டினதுதான் மாட்டினீங்க, ரெசல்யூஷனைப் பூட்டி வேற வைக்கிறீங்க. உள்ளே குறைச்சு வரைஞ்சு வெளியே பெருசாக்கிக் காட்டற ரெண்டர் ஸ்கேல் பல கேம்கள்ல இருக்கு. அதை ரெசல்யூஷனுக்குப் பக்கத்துலயே வச்சா என்ன? சில கேம்கள்ல அதை நாலு பக்கம் தள்ளி, நிழல், புல், பனின்னு இருக்கிற கூட்டத்துல ஒளிச்சு வச்சிருக்காங்க. இவன் விளையாடறதுல அந்த ஆப்ஷனே இல்லை :(

உயர்ரக கார்டு வச்சிருக்கறவனுக்கு இதெல்லாம் கண்ணுலயே படாது. அடி விழறது பழைய கார்டுக்காரனுக்குத்தான். அவனுக்குத்தான் புதுசு வாங்கக் காசும் இருக்காது. பையன் அந்தக் கார்டுக்காக வண்டி வாங்கச் சேர்த்து வச்ச பணத்துல கை வைக்க இருந்தான்.

கடைசியில டெஸ்க்டாப்பையே 1920 x 1080-க்கு இறக்கிட்டு கேமைத் திறந்தேன். பழைய வேகம் அப்படியே வந்துருச்சு. ஒரு பைசா செலவில்லை. பையன் முகத்துல பல்ப் எரிஞ்சது.

ஆனா அதே கம்ப்யூட்டர்லதான் அக்கா தையல் கடைக் கணக்கு எழுதறா. இவன் ஆடி முடிச்சிட்டு திருப்பி மாத்த மறந்துட்டா அவளுக்கு எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது. எக்ஸ்க்ளூசிவா இருந்தா கேமே மாத்திட்டுப் போயிருக்கும். இப்போ மானிட்டர் ஓரத்துல அக்கா ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வச்சிருக்கா: "விளையாடி முடிச்சதும் 4கே போடவும். இல்லன்னா சோறு கிடையாது."