தமிழ் மாணவரும் மேலாண்மைக் கல்வியும்

இறுதியாண்டுத் தேர்வு அணுகுந்தோறும் தமிழ் வகுப்பு மாணாக்கரிடையே ஒரு வினா எழுதல் இயல்பு. பட்டம் பெற்றபின் யாது செய்வது என்பதே அவ்வினா. ஆசிரியப் பயிற்சி, அரசுத் தேர்வு, முதுகலைத் தமிழ் என்னும் மூன்றுமே நெடுங்காலம் அதற்கு விடைகளாயிருந்தன. இப்பொழுது நான்காவது விடையொன்றும் வந்து சேர்ந்துள்ளது. எம்.பி.ஏ. எனப்படும் வணிக மேலாண்மைப் படிப்பினை ஈராண்டு முழுநேரமாகப் பயிலுதலே அது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களினின்று நாள்தோறும் பேருந்தேறி நம் கல்லூரிக்கு வரும் தோழர் பலர் இதுபற்றித் தம்முள் உசாவுதலைக் கேட்கின்றோம். ஆதலின் இதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் எதிர்ப்புரைகளைக் காண்போம். இல்லத்துப் பெரியோர், "கடைசியில் வணிகந்தான் படிப்பதென்றால் மூன்றாண்டு தமிழ் படித்தது எதற்கு, தம்பி?" என்று வினவுகின்றனர். தமிழன்பர் சிலரோ, தமிழ் பயின்றவன் வணிகம் நாடுதல் பெற்ற தாயைப் பிரிந்து செல்வர் வீட்டு வாயிலில் நிற்றல் போலும் என்கின்றனர். இவ்விரு கூற்றும் ஒரே பிழையினின்று பிறந்தன என்பது எம் துணிபு. தமிழும் வணிகமும் தம்முள் உறவில்லாதன என்று கொள்வதே அப்பிழை.

நாம் வாழும் மண்ணே இதனை மறுக்கும். அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அகழ்ந்தபோது, உரோமர் மதுச்சாடிகளின் ஓடுகளும் தமிழ்ப் பெயர் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. கடல் கடந்த வாணிகத்தைத் தமிழில் நடத்தியோர் நம் முன்னோர். புதுச்சேரியில் பிரஞ்சுக்காரர்க்குத் துவிபாஷியாகவும் தம்மளவில் வணிகராகவும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல்களின் வரவினையும் சரக்குகளின் நிலையினையும் ஆள்வோர் மனப்போக்கினையும் தமிழிலேயே வரைந்து வைத்தார். திருக்குறளின் பொருட்பாலில் 70 அதிகாரங்கள் உள. தெரிந்துசெயல்வகை, தெரிந்துவினையாடல், வினைசெயல்வகை என்பவற்றின் பொருளை இன்றைய மேலாண்மை வகுப்பில் வேறு பெயரிட்டு ஓதுகின்றனர். ஆதலின் தமிழ் மாணவன் அவ்வகுப்பினுட் புகுதல் அயல்நாடு புகுதல் ஆகாது.

இனி, மேலாண்மைக் கல்வி வணிகப் பட்டம் பெற்றோர்க்கே உரியதோ எனின், அன்று. 1908-இல் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் இப்பட்டத்திற்குரிய பள்ளியைத் தோற்றுவித்தபோதே, எத்துறையிலேனும் முன்னரே பட்டம் பெற்றோர் மேற்கொண்டு பயிலுதற்குரியதாகவே இதனை வகுத்தனர். நம் நாட்டில் 1949-இல் இயேசு சபைத் துறவியர் ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனத்தைத் தொடங்கினர். 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் எழுந்தன. இக்கழகங்கள் நடத்தும் கேட் தேர்வினை எழுத, எத்துறைப் பட்டமாயினும் 50 விழுக்காடு மதிப்பெண் போதும். பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர்க்கு 45 விழுக்காடு. பொறியியல் பயிலாதோர்க்குத் தனிமதிப்பு அளிக்கும் கழகங்களும் உள. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் பயின்ற இந்திரா நூயி அம்மையார், 1976-இல் கல்கத்தாக் கழகத்தில் தேர்ந்தார். சில ஆண்டு பணியாற்றியபின் யேல் பல்கலைக்கழகத்தில் 1980-இல் மற்றொரு பட்டமும் பெற்றார். 2006 முதல் 2018 வரை பெப்சிகோ நிறுவனத்திற்குத் தலைமை பூண்டார். மிஷன் கல்லூரி மாணவர்க்கு இவர் வரலாறு ஊக்கந் தருவதே.

"அம்மையார் கணிதம் பயின்றவர், நாமோ யாப்பிலக்கணம் பயின்றோம்" என்று தோழர் கூறுதல் கேட்கின்றது. அது மெய்யே. கேட் தேர்வின் மூன்று பகுதிகளுள் ஒன்று ஆங்கில வாசிப்பு, மற்றொன்று தரவும் தருக்கமும், மூன்றாவது கணிதம். ஆயினும் அக்கணிதம் பெரும்பாலும் பள்ளியில் விட்டுவந்த விகிதமும் வட்டியும் வடிவியலுமே. ஓராண்டு நாள்தோறும் பயின்றால் மீட்டுக்கொள்ளக் கூடியது. நமக்கு உண்மையில் தடையாவது ஆங்கில வாசிப்பே என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்ளல் வேண்டும். தமிழ்வழி பயின்ற சிற்றூர் மாணவன் முதலாண்டிலேயே ஆங்கில நாளிதழ் ஒன்றினை நாடோறும் படிக்கத் தொடங்குவானாயின், இத்தடையும் நீங்கும். செய்யுட்குப் பொருள் காணப் பழகிய கண், உரைநடைக்குப் பொருள் காணத் தயங்காது.

ஆகவே, செல்லலாமா என்னும் வினாவுக்குச் செல்லலாம் என்பதே எம் விடை. எப்பொழுது செல்வது, எவ்விலை கொடுத்துச் செல்வது என்பனவே அதனினும் அரிய வினாக்கள்.

கோபுரம் கட்ட விரும்புவோன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிடானோ என்று நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் வினவுகின்றார். நாமும் கணக்கிடுவோம். முதன்மையான கழகங்கள் சிலவற்றில் ஈராண்டுக் கட்டணம் மட்டுமே 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்படுகின்றது. வேலைக்குச் சென்றிருப்பின் அவ்வீராண்டில் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியமும் இழப்பே. வங்கிக் கடன் பெற்றுப் பயில்வோர்க்குப் படிக்குங்காலத்திலேயே வட்டி வளரத் தொடங்கும். இவ்வளவு கடன் சுமந்து வெளிவரும் இளைஞன், தனக்கு விருப்பமான வேலையைத் தேர்ந்துகொள்ள இயலுமோ? இயலாது. மிகுந்த ஊதியம் எங்குண்டோ அங்கே சென்றாக வேண்டும். படிப்பு அவனுக்கு வழி திறந்தது போலத் தோன்றினும், எவ்வழியிற் செல்வது என்பதைக் கடனே முடிவு செய்கின்றது.

இவ்விடத்தில் பாகூர்ச் செப்பேடு எம் நினைவுக்கு வருகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அது கூறுகின்றது. ஊர்களின் விளைவு கல்வியைத் தாங்கிற்று. இன்று அரசன் கொடையில்லை. தந்தையின் காணிப் பத்திரம் அடகு வைக்கப்படுகின்றது. இன்றும் ஊரே கல்வியைத் தாங்குகின்றது என்பதில் ஐயமென்னை? அங்ஙனம் தாங்கிய ஊருக்குக் கல்வி யாது திருப்பித் தருகின்றது என்று கேட்பது முறையேயாகும்.

ஊருக்கு மேலாண்மை வேண்டாமோ? புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் சிற்பத்தைச் செய்யும் கைகளுக்கு விலை நிறுக்கவும் சந்தை தேடவும் அறிந்த துணை வேண்டும். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிப்போர்க்கும், சிற்றூர்ப் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், மகளிர் குழுக்களுக்கும் கணக்கறிந்து தமிழில் எடுத்துரைக்க வல்லார் வேண்டும். 1898-இல் தோன்றிய ஏ.எப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டபோது, ஒரு தொழில் நலிவது எத்துணை இல்லங்களின் அடுப்பை அவிக்கும் என்பதைப் புதுவை கண்டது. குசராத்தில் கெய்ரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் 1946-இல் கூட்டுறவு கண்டனர். ஊரக மேலாண்மைக்கென்றே 1979-இல் ஆனந்தில் ஒரு கழகம் எழுந்தது. 2025-இல் அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாயிற்று. உழவன் மொழியும் ஏட்டுக் கணக்கும் ஒருங்கே அறிந்தாரை நாடு வேண்டுகின்றது என்பதற்கு இதுவே சான்று.

ஆதலின் எம் கருத்தினைச் சுருங்கக் கூறுவோம். தமிழ் மாணவன் பட்டம் பெற்றவுடனே மேலாண்மைக்கு ஓடாது, இரண்டு மூன்று ஆண்டு பணியாற்றுக. கூட்டுறவுச் சங்கமாயினும், அச்சகமாயினும், கடையாயினும், தொண்டு நிறுவனமாயினும் இழிவில்லை. சம்பளப் பட்டியலையும் சரக்கிருப்பையும் கையாற் புரட்டியவனுக்கு வகுப்பறைப் பாடம் உயிர்பெறும். அல்லாதானுக்கு அது சொற்கூட்டமே. சேமித்த சிறு பொருளும் கடனைக் குறைக்கும். அதன்பின் கழகத்தைத் தேர்ந்தெடுக்கையில் பெயரோடு விலையையும் நோக்குக. 1985-இல் நிறுவப்பெற்று நம் காலாப்பட்டிலேயே விளங்கும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு. அதன் கட்டணம் முற்கூறிய தொகையின் சிறு பகுதியே.

இதற்கும் விலக்கு உண்டு. உதவித்தொகை பெற்றோர் காத்திருக்க வேண்டுவதில்லை. நம் சகோதரிகள் நிலை வேறு. படிப்பு முடிந்து ஈராண்டு இல்லத்திலிருந்து வேலைக்குச் செல்லத் தொடங்கினால், அதற்குள் திருமணம் பேசி மேற்படிப்புக்கு முற்றுப்புள்ளி இடுவோர் பலர். அவர்க்கு உடனே செல்லுதலே தக்கதெனின், யாம் அதனைத் தடுத்துரைக்க மாட்டோம். அவர்களைக் காத்திருக்க விடாத வழக்கத்தையே தடுத்துரைப்போம்.

தோழர்களே! நம் தமிழ்ப் பட்டம் மறைத்து வைக்க வேண்டிய குறையன்று. நேர்முகத் தேர்வில் "தமிழ் ஏன் படித்தீர்?" என்று வினவுவார்க்குத் தலைகுனியாது விடையளிக்கும் மாணவனே மேலாண்மை பயிலுதற்குத் தகுதியுடையவன். அவ்விடை இல்லாதவன் எங்குச் செல்லினும் ஓடிப் போனவனே ஆவான். தாலந்தை நிலத்திற் புதைத்தவனை ஆண்டவர் கடிந்தார். நம் தாலந்தாகிய தமிழைப் புதையாது, அதனோடு கணக்கையும் கற்று, நம்மைத் தாங்கிய சிற்றூர்களுக்குப் பயன்படுமாறு வாழ இறைவன் திருவருள் புரிவாராக.