கட்டலொக்கில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர்

நம்ம தோட்டத்துத் தேயிலையை யார் வாங்குறாங்க? லயத்தில் யாரைக் கேட்டாலும் "கொழும்புக்குப் போகுது" என்பதற்கு மேல் பதில் வராது. ஆனால் வாங்குறவருக்கு நம்ம தோட்டத்தைப் பற்றி நிறையத் தெரியும்.

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின் நடுவே, ஒன்லைனுக்கு மாறியது. ஏலத்துக்கு முன் புரோக்கர்கள் போடும் கட்டலொக்கில் லொட் இலக்கம், தோட்டத்தின் விற்பனைப் பேர், தரம், எத்தனை பை, எத்தனை கிலோ எல்லாம் இருக்கும். வாங்கும் கொம்பனிகளின் கொள்முதல் மென்பொருளில் இன்னும் விவரம். ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு கோட், விலை, தரச் சான்றிதழ், அது காலாவதியாகும் திகதி. திகதி நெருங்கினால் மென்பொருளே எச்சரிக்கும்.

அதே கொழுந்துக்கு தோட்டத்தில் இன்னொரு பதிவேடு இருக்கு. செக்ரோல். அதில் பேர் விழுந்தால்தான் சம்பளம். சொன்ன கிலோ வரவில்லை என்றால் அரைப் பேர். மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பாங்க. இந்தக் கழிவைக் காட்டும் நிரல் வாங்குறவரின் கட்டலொக்கில் கிடையாது. சான்றிதழ் முடிந்தால் மணி அடிக்கும். அரைப் பேர் விழுந்தால் எந்த மணியும் அடிக்காது.

"ஏலத்தில் போன தேயிலை பத்துத் தோட்டத்தோட கலந்துடும், எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனால் உணவுப் பாதுகாப்புத் தரச் சான்று வேண்டுமென்றால் எந்த லொட் எந்தக் கலவைக்குள் போனது என்று பதிவு வைத்தாக வேண்டும். விவரம் அவங்ககிட்ட இருக்கு. நம்மகிட்டதான் இல்லை.

இது நடக்காத காரியமும் இல்லை. 2018இல் பிரித்தானியாவின் டிரெய்ட்கிராஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு, அசாமில் எந்தெந்தத் தோட்டத்தில் வாங்குறீங்க என்று அங்குள்ள பெரிய தேயிலை பிராண்டுகளைக் கேட்டது. அதன் பிறகு யோர்க்ஷயர் டீ, ட்வினிங்ஸ், டெட்லி போன்றவை பட்டியலை வெளியிட்டன. ஜேர்மனியில் 2023 ஜனவரி முதல் அமுலில் உள்ள விநியோகச் சங்கிலிச் சட்டப்படி, பெரிய கொம்பனிகள் தங்கள் சப்ளையர்களிடம் நடக்கும் உரிமை மீறல் பற்றி முறைப்பாடு செய்ய வழி வைத்திருக்க வேண்டும். அங்கே அந்தச் சட்டத்தைத் தளர்த்தும் முயற்சியும் நடக்குது. இருக்கும் வரையாவது அதைப் பயன்படுத்தலாமே. ஆனால் வாங்குறவர் யாரென்றே தெரியாத ஒருத்தர் யாரிடம் முறைப்பாடு செய்வது?

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டுதான். ஒன்று, ஒவ்வொரு தோட்டத்தின் தேயிலையும் யாருக்குப் போகிறது என்ற பட்டியல் தமிழில், மடுவத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இரண்டு, அந்தக் கொம்பனிகளின் முறைப்பாட்டு வழிகள் தமிழில் வேண்டும். பேசிப் பதிவு செய்யும் வசதியோடு.

தொழிற்சங்கங்கள் இதைச் சம்பளப் பேச்சோடு சேர்த்துக் கேட்கட்டும். அதுவரை நாமளும் சும்மா இருக்கத் தேவையில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்து போய் கொழும்பில் கணக்குப் பிரிவுகளில் வேலை செய்யும் பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். இப்படிப் பட்டியல்களை வாசிக்கத் தெரிந்தவங்க. ஏற்கெனவே இணையத்தில் வெளியாகி இருக்கும் சப்ளையர் பட்டியல்களைத் திறந்து, இலங்கைப் பகுதியில் நம்ம தோட்டத்துப் பேர் இருக்கா என்று தேடுங்க. இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்க. அவங்க பறிச்ச கொழுந்து எங்கே போகுது என்று அவங்களுக்குத்தான் முதலில் தெரியணும்.