'சென்சார் கம்ப்ளைன்ட்' என்று ஒரு வியாதி

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். டவுன்ஷிப்பில் இருந்தபோது பக்கத்து குவார்ட்டர்ஸ். ரிடையர் ஆனதும் நான் முத்தாண்டிக்குப்பத்துக்கு வந்துவிட்டேன், அவர் வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் காரில் ஏறிக் கடைத்தெரு வரை போனோம். மீட்டர் போர்டில் மஞ்சளாக ஒரு பல்ப் படம் எரிந்துகொண்டே வந்தது.

"என்ன சார் இது?" என்றேன்.

"அதுவா? சென்சார் கம்ப்ளைன்ட் சார். ரெண்டு வருஷமா எரியுது. மெக்கானிக்கே கண்டுக்காதீங்கன்னுட்டான்."

எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டவில்லை. விருந்தாளியாக வந்தவர், காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்தச் சண்டையை இங்கே போடுகிறேன். அவரும் இதைப் படிப்பார், படிக்கட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்குக்கென்று தனியாக சென்சார் என ஒரு பொருளே கிடையாது. இல்லாத உறுப்புக்கு எப்படி வியாதி வரும்? விளக்குகளுக்குக் கரன்ட் அனுப்புகிற கன்ட்ரோல் பெட்டியே எவ்வளவு கரன்ட் போகிறது என்று பார்த்துக்கொள்கிறது. 12 வோல்ட்டில் 21 வாட் பிரேக் பல்ப் சுமார் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். 5 வாட் பின்விளக்கு 0.4 ஆம்பியர். அந்த அளவு போகவில்லை என்றால் மஞ்சள் விளக்கைப் போடும். இன்னும் பழைய சில வண்டிகளில் இதற்கு ஒரு ரிலே இருக்கும். இடது பக்கக் கம்பியையும் வலது பக்கக் கம்பியையும் தராசில் வைத்த மாதிரி ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு பக்கம் குறைந்தால் சொல்லும். இவ்வளவுதான் சங்கதி. பல்ப், ஹோல்டர், கம்பி, எர்த் என்ற நாலில் எங்கேயோ கோளாறு என்று அது சொல்கிறது. நாம் அதைப் பொய்யன் என்கிறோம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு யோக்யதை உண்டா? உண்டு, அதுவும் வெட்கப்பட வேண்டிய விதத்தில். நானும் மூன்று மாதம் கண்டுக்காமல் இருந்தவன்தான். அனல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டினவன் சொந்தக் காரில் இப்படிச் செய்தான் என்றால் என்ன சொல்வீர்கள்?

என்னுடையது 2009-இல் வாங்கிய ஐரோப்பிய வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. 2024-இல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.டி.ஓ.வில் காட்டி ஐந்து வருஷம் நீட்டித்தேன். அன்றைக்கு எல்லா விளக்கும் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று எரிந்தது. ஆறு மாதம் கழித்து மஞ்சள் விளக்கு வந்தது. இறங்கிப் பார்த்தால் எல்லாம் எரிகிறது. மறுநாள் வராது. ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் மறுபடி வரும். வலது பின்விளக்கு பல்பை மூன்று தடவை மாற்றினேன். மெக்கானிக் தம்பி சொன்ன வார்த்தை உங்களுக்கே தெரியும். அதை நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டேன். நம்பினவனைவிட இது மோசம்.

பண்ருட்டியில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து ராத்திரி நானும் வீட்டுக்காரம்மாவும் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, தெருவிளக்கு இல்லாத பாதை. மஞ்சள் விளக்கு வந்தது. "ஏங்க, அது எரியுது பாருங்க" என்றாள். "அது கிடக்குது" என்றேன். இரண்டு நிமிஷம் இருக்காது, வலது பக்கம் பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். பைக்கில் வந்த பையன் பம்பர் மூலையில் உரசிக் கீழே கிடந்தான். நல்ல வேளை, ஹெல்மெட் இருந்தது. முழங்கையும் முட்டியும் மட்டும் சிராய்ப்பு.

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவன் என் வண்டியின் பின்பக்கத்தைக் கையால் காட்டினான். "தாத்தா, ஒரு லைட்டுதான் எரியுது. ஓரமா ஏதோ பைக் போவுதுன்னு நெனச்சி சைடு எடுத்தேன்."

வலது பக்கம் கும்மிருட்டு. இடது ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு. பின்னால் வருகிறவன் கண்ணுக்கு அது கார் இல்லை, ஓரமாகப் போகிற பைக். நம் ஊரில் வலது பக்கமாகத்தான் முந்துவார்கள். அப்படி வந்தால் காரின் இருட்டு மூலையில் வந்து மோதாமல் வேறென்ன செய்வான்? பின்னாலிருந்து 155 மீட்டருக்குச் சிவப்பு விளக்கு தெரிய வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. என் வலது விளக்கு அன்றைக்கு ஐந்து மீட்டரில்கூடத் தெரியவில்லை. வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பையனின் கையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மல்ட்டி மீட்டரை எடுத்தேன். மூன்று மாதம் முன்பே எடுத்திருக்க வேண்டியது. இந்த இடத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். "சப்ளை வருது சார்" என்று மூடிவிடுவார்கள். மீட்டர் இழுக்கிற கரன்ட் ஒன்றுமே இல்லை. அழுகிப் போன கம்பியில்கூட 12 வோல்ட் வரும். பல்பைப் போட்டு, எரியவிட்டு, அந்த ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 2.8 காட்டியது! கம்பியை லேசாக ஆட்டினால் விளக்கே போனது. இன்னொரு அடையாளமும் ராத்திரியே இருந்திருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் அதே தாளத்தில் பின்விளக்கு மங்கும். எர்த் கெட்டால் இப்படித்தான். போன கரன்ட் திரும்பி வர வழி இல்லாமல் அடுத்த விளக்கின் வழியாகப் புகுந்து வரும்.

ஹோல்டரைப் பிரித்தால் எர்த் பின் கருத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகிப் போயிருந்தது. பழுப்புக் கம்பியை வெட்டிப் புது லக் அடித்து, பாடியில் பெயின்ட் சுரண்டி போல்ட் போட்டு, மேலே கொஞ்சம் வாசலின். ஹோல்டர் மட்டும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து 300 ரூபாய்க்கு வந்தது. அரை நாள் வேலை. பையனின் ஹேண்டில்பாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான் கொடுத்தது 4,200.

இதெல்லாம் தெரிந்தும் ஊரில் என்ன வைத்தியம் நடக்கிறது? எல்.இ.டி. பல்ப் போடுவார்கள். அது இழுக்கிற கரன்ட் மிகக் குறைவு, அதனால் மஞ்சள் விளக்கு வரும். உடனே 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பக்கத்தில் கட்டிவிடுவார்கள். 12 வோல்ட்டுக்கு அது 2 ஆம்பியர் இழுக்கும், அதாவது 24 வாட் சும்மா சூடாகப் போகும். கன்ட்ரோல் பெட்டி "ஆகா, பல்ப் இருக்கிறது" என்று நம்பிவிடும். பிறகு எல்.இ.டி. செத்தாலும் சொல்லாது, ஏனென்றால் ரெசிஸ்டர் சாகவில்லையே. இன்னும் சிலர் ஸ்கேனர் வைத்து அந்தச் சோதனையையே அணைத்துவிடுவார்கள். இதற்கெல்லாம் 'சரி பண்ணிட்டேன்' என்று பெயர், காசும் வாங்குகிறார்கள்.

பொய்யான விளக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பாடமாகச் சொல்வார்கள். 1979 மார்ச் 28, அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையம். ஒரு ரிலீஃப் வால்வு திறந்தது திறந்தபடி மாட்டிக்கொண்டது. பேனலில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. அந்த விளக்கோ வால்வு மூடியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. மூடச் சொல்லி சிக்னல் போயிற்றா என்பதை மட்டும் காட்டியது. ஆபரேட்டர்கள் மூடியாயிற்று என்று நினைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வெளியே போய், உலையின் உள்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது. நம் காரின் பின்விளக்குக்கு அணு உலையை இழுப்பது ஓவர் என்பீர்கள். இருக்கட்டும். நான் சொல்வது ரெசிஸ்டரை.

மெக்கானிக் பக்கமும் நியாயம் இருக்கிறது. எர்த் கோளாறு தேட அரை நாள் ஆகும், அந்த அரை நாளுக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. பல்ப் மாற்றினால் நூறு ரூபாயைச் சத்தமில்லாமல் கொடுக்கிறோம், "ரெண்டு மணி நேரம் தேடினேன் சார்" என்றால் மூஞ்சியைச் சுளிக்கிறோம். கார் செய்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பல வண்டிகளில் எந்த பல்ப் என்று சொல்லாமல் ஒரே ஒரு படத்தைப் போட்டுவிட்டு விடுகதை போடுகிறார்கள். நாலு விளக்கின் கரன்ட்டை அளக்கத் தெரிந்த பெட்டிக்கு அது எந்த விளக்கு என்று எழுதிக் காட்டத் தெரியாதா?

அதற்காக இரண்டு வருஷமா சார்?

இன்று காலை வடலூர் நண்பருக்கு போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன், மீட்டர் என்னிடம் இருக்கிறது, மதியச் சாப்பாடும் இங்கேதான். "வர்றேன் சார், ஆனா பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடணும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "நைட்ல பின்னாடி வர்றவன்லாம் ரொம்ப ஒட்டி வர்றான் சார்" என்றார்.