பழைய சவரக்கத்தி

சென்ற கிழமை பழைய மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கைலேஞ்சியிற் சுற்றிய பொருளொன்றை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். மடிப்புச் சவரக்கத்தி, அலகின் அடியில் ஷெபீல்ட் என்னும் ஆங்கில நகரின் பெயர் பொறித்திருந்தது. கொழும்பிலே பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் வாங்கினாராம். பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடக்கும் அவர் தந்தையார் இளமையில் இத்தகைய கத்தியாலேயே முகம் மழித்தவர். மறுநாட் காலை அவருக்கு இதனால் மழித்துவிட மகனுக்கு ஆசை.

"கொதிநீரில் ஒருதரம் முக்கினாற் போதுந்தானே, ஐயா?"

"பொறும் தம்பி" என்றேன்.

முன்னர் அக்கத்தியைக் கையாண்டவர் யாரென்று நாம் அறியோம். சவரக்கத்தி, கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களிலே குருதியைத் தொடும் கருவி. பி வகை ஈரலழற்சியை உண்டாக்கும் வைரசு, உலர்ந்த பரப்பிலும் ஏழு நாளேனும் வீரியங் குன்றாது இருக்கவல்லது. நேற்று விற்றவர் முன்தினம் அதனால் மழித்திருந்தால் என் செய்வது?

முதல் வேலை கிருமிநாசினி அன்று, கழுவுதலே. பழைய சவர்க்காரமும் தோற்பொருக்கும் படிந்திருந்தால் எம்மருந்தும் அடியிலுள்ள கிருமியைச் சென்றடையாது. இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் கொண்டு, பழைய பற்றூரிகையால், முதுகிலிருந்து வாய்நோக்கித் தேய்த்தல் வேண்டும். குறுக்கே தேய்த்தால் விரல் போம். அழுக்கு மிகுதியாகத் தங்குவது அலகும் பிடியும் கூடும் ஆணியடியில். அங்கே பஞ்சுத்திரியை நுழைத்துத் துடைக்கவேண்டும்.

பின்னர் மருந்துக்கடையில் விற்கும், நூற்றுக்கு 70 பங்கு வலிமையுள்ள மதுசாரத்தில் அலகைப் பத்து நிமிடம் அமிழ்த்தி வைக்கலாம். வலிமை கூடியது இன்னும் நன்று அன்றோ என்று கேட்பர். அன்று. கிருமியின் புரதத்தைச் சிதைக்க நீரும் வேண்டும். நீரற்ற மதுசாரம் விரைவில் ஆவியாகியும் விடும். பிடியை மட்டும் மதுசாரத்துக்கு வெளியே வைத்துக்கொள்க. பழைய பிடிகள் பல செல்லுலோயிட்டாலானவை. தேய்த்து முகர்ந்தாற் கற்பூர வாடை வீசும். மதுசாரம் அதனை இளக்கிவிடும்.

கொதிநீரால் உருக்கின் பதம் கெடும் என்பது பலர் கூறும் கதை. கத்தியின் பதம் 150 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அமைக்கப்பட்டது. 100 பாகை அதனை ஒன்றுஞ் செய்யாது. கெடுவது பிடி. கொம்பாயின் கோணும், செல்லுலோயிட்டாயின் வளையும். ஆணியடியிற் புகுந்த நீர் உள்ளிருந்தே கறளை வளர்க்கும். நெருப்பிற் காட்டுவதோ பெருங்கேடு. கடதாசிபோல் மெலிந்த வாய் கணத்தில் நீலம் பூத்துப் பதம் இழக்கும். செல்லுலோயிட்டுப் பிடி தீப்பற்றும். துணிவெளுக்கும் குளோரீன் திரவம் கிருமியைக் கொல்லும், மெய்தான். ஆயினும் கரியுருக்கை அரித்துக் குழிகுழியாக்கிவிடும். வாயிலே ஒரு குழி விழுந்தாற் கத்தியின் கதை முடிந்தது.

எடுத்தவுடன் மென்துணியால் ஒற்றி, பிடியை விரித்தபடி உலரவிட்டு, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிதாகப் பூசுக. எங்கள் வீடுகளிற் கைக்கெட்டுவது தேங்காயெண்ணெய். அது நாட்பட்டாற் சிக்குப்பிடிக்கும். மீண்டும் மழிக்குமுன் எண்ணெயைத் துடைத்து, மதுசாரத்தால் இன்னொருமுறை துடைத்தல் நன்று.

ஒன்று சொல்லவேண்டும். மதுசாரம் ஏற்புவலிக் கிருமியின் வித்திகளைக் கொல்லாது. அவற்றை ஒழிப்பது வைத்தியசாலைகளில் 121 பாகை நீராவியிற் செய்யும் வேலை. அது இப்பிடிகளுக்கு ஒவ்வாது. ஆகையால் கறள் குழிந்த கத்தி, எவ்வளவு அழகியதாயினும், கண்ணாடி அலுமாரிக்கே உரியது.

மாணவரின் கத்தியைச் சாளரத்தருகே பிடித்துப் பார்த்தோம். குழி இல்லை; வாய் மட்டும் மழுங்கியிருந்தது. தந்தையார் குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர் என்பதை அப்போதுதான் சொன்னார். மழுங்கிய கத்தி இழுத்துக் கீறும். அவருக்கோ கீறினாற் குருதி நிற்பது அரிது. அவருக்கு வேண்டியது காப்புள்ள புதிய சவர அலகு என்றேன். முகம் வாடினார்.

கத்தியை இருவருமாகக் கழுவினோம். இப்போது அது சாணைபிடிப்பவரிடம் இருக்கிறது. தீட்டியபின் அதனால் முதலில் மழிக்கப்போவது மகன். தந்தையார் படுக்கையிலிருந்தபடி கைப்பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.