மூளைக்குள் சில சொட்டு போலியோ

மண்டையோட்டில் சிறு துளை. அதன் வழியாகக் கட்டிக்குள் செருகிய மெல்லிய குழாய். ஒரு பம்ப், ஆறரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, மூன்று மில்லி சொச்சம் திரவத்தை உள்ளே செலுத்துகிறது. ஒரு தேக்கரண்டி கூட நிறையாத அந்தத் திரவத்தில் இருப்பது போலியோ வைரஸ். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2012 மே மாதத்தில் முதல் நோயாளிக்கு இது செலுத்தப்பட்டது. அதற்குப் பின்னால் மத்தியாஸ் குரோமையர் என்ற விஞ்ஞானியின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு இருந்தது.

மூளைக் கட்டிகளில் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. தோட்டத்தில் கோரையைப் பிடுங்குவது போலத்தான் அதன் அறுவை சிகிச்சையும்: மேலே சுத்தமாகத் தெரியும், கிழங்கு உள்ளேயே இருக்கும். கதிர்வீச்சும் கீமோதெரபியும் கொடுத்த பிறகும் கட்டி திரும்பி வரும். வந்துவிட்டால் பலருக்கு எஞ்சுவது ஒரு வருடத்துக்கும் குறைவான காலமே.

ஜெர்மனியில் மருத்துவம் பயின்ற குரோமையர், 1990களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் விம்மரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். போலியோ வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய, அதன் மேற்பரப்பில் சிடி155 என்ற புரதம் இருக்க வேண்டும். பல புற்றுச் செல்களில் இந்தப் புரதம் மிகுதியாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கைகால்களை அசைக்கும் நரம்புச் செல்களிலும் அது உண்டு. இளம்பிள்ளை வாதம் வந்த வழியே அதுதான். குரோமையரும் விம்மரும் வைரஸின் மரபுப் பொருளில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் சாதாரண ஜலதோஷ வைரஸின் துண்டை ஒட்டினார்கள். புரதம் தயாரிக்கத் தொடங்கும்படி செல்லுக்குக் கட்டளையிடும் பகுதி அது. துண்டு மாறியதும் நரம்புச் செல்லுக்குள் வைரஸால் பெருக முடியவில்லை; புற்றுச் செல்லுக்குள் முடிந்தது. 1996இல் இதன் அடிப்படை ஆய்வு வெளிவந்தது. சிகிச்சைக்கான வைரஸுக்கு மூலமாக எடுத்துக்கொண்டது, சேபின் முதல் வகை. நம் ஊர் முகாம்களில் குழந்தையின் வாயைத் திறந்து விடும் சொட்டு மருந்தில் இருக்கும் அதே வகை.

மனிதருக்குக் கொடுக்கும் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. பாதுகாப்புச் சோதனைகளுக்கே ஏழு ஆண்டுகள் பிடித்தன. 39 குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் போலியோ வரவில்லை.

தன் தொடக்கக் கணிப்பையே திருத்திக்கொண்ட இடத்தில்தான் குரோமையரின் பயணம் கனம் பெறுகிறது. வைரஸ் புற்றுச் செல்லைக் கொல்லும் என்பதே முதலில் எதிர்பார்ப்பு. அது கொல்லத்தான் செய்கிறது. ஆனால் பெரிய வேலை அதுவல்ல. 2017இல் அவரது குழு காட்டியது இது: எதிரியின் அடையாளத்தைப் பிற செல்களுக்குக் காட்டித் தரும் டென்ட்ரிடிக் செல்களுக்குள்ளும் இந்த வைரஸ் நுழைகிறது. அவற்றைக் கொல்லாமல் உசுப்பிவிடுகிறது. கட்டியைக் கண்டும் காணாமல் இருந்த நோயெதிர்ப்பு மண்டலம் அப்போது விழித்துக்கொள்கிறது. கொலையாளி என்று அனுப்பப்பட்ட வைரஸ் உண்மையில் அபாய மணியாக வேலை செய்திருக்கிறது. சிகிச்சைக்கு முன்னால் நோயாளிகளுக்கு, வைரஸ் உடலில் பரவாதிருக்க, போலியோ தடுப்பூசி மீண்டும் ஒருமுறை போடப்பட்டது. குழந்தைப் பருவத் தடுப்பு மருந்தின் நினைவைச் சுமக்கும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கட்டிக்கு எதிரான தாக்குதலுக்கும் துணை செய்கின்றன என்று அதே குழுவின் பிந்தைய விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன.

மருந்தின் அளவு கற்றுக் கொடுத்த பாடமும் கடுமையானது. மிக உயர்ந்த அளவு பெற்ற ஒருவருக்குக் குழாயை எடுத்ததும் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. விழித்தெழுந்த நோயெதிர்ப்பு, மண்டையோட்டுக்குள் வீக்கமாக மாறினால் அதுவே ஆபத்து. அளவைக் குறைத்தார்கள்.

2015இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தச் சிகிச்சையை உலகறியச் செய்தது. ‘அதிசயம்’ என்ற சொல் தாராளமாகப் புழங்கியது. 2018இல் முழு முடிவு வெளிவந்தபோது கணக்கு வேறு விதமாக இருந்தது. சிகிச்சை பெற்ற 61 பேரின் இடைநிலை ஆயுள் 12.5 மாதம்; ஒப்பீட்டுக்கு எடுத்த பழைய நோயாளிகளுக்கு 11.3 மாதம். இந்த வித்தியாசத்துக்காக யாரும் மண்டையைத் துளைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மூன்றாண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் இங்கே 21 விழுக்காடு, பழைய குழுவில் 4 விழுக்காடு. சராசரி நோயாளிக்கு அநேகமாக ஒன்றும் மாறவில்லை. ஐந்தில் ஒருவருக்கு எல்லாமே மாறியிருக்கக்கூடும்.

‘மாறியிருக்கக்கூடும்’ என்று தயங்கக் காரணம் உண்டு. குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய சோதனை அல்ல இது. கட்டி குறிப்பிட்ட அளவுக்குள் இருந்து, நடமாடும் நிலையில் இருந்தவர்களே சேர்க்கப்பட்டார்கள். இந்தத் தயக்கத்தை மறைத்துவிட்டு எழுதப்படும் ஒவ்வொரு தலைப்புச் செய்தியும், ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடன் வாங்கவும் தயாராக நிற்கும் குடும்பத்துக்கு இழைக்கும் அநீதி. அதற்காக இந்த ஆய்வை ஒதுக்கிவிடவும் முடியாது. 2018 மார்ச் கணக்கெடுப்பின்போது இரண்டு பேர் 69 மாதங்களைத் தாண்டி உயிரோடு இருந்தார்கள். ஒரே வைரஸ், ஒரே மருத்துவமனை, ஒரே வகைக் கட்டி. அந்த இருவரின் உடலில் அபாய மணி ஏன் அத்தனை உரக்கக் கேட்டது? இனி செலவிடும் பணமும் காலமும் முதலில் போக வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.