ஜப்பானிய மொழி யாருக்குக் கடினம்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கப் பயிற்சிக் கழகம் ஒன்றை நடத்துகிறது. எந்த மொழிக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற பட்டியலும் அங்கே உண்டு. ஸ்பானிய மொழிக்குச் சுமார் 30 வாரம். தமிழுக்கு 44. ஜப்பானிய மொழிக்கு 88 வாரம், அதாவது 2,200 வகுப்பு மணி. 'உலகின் கடினமான மொழிகள்' என்று ஊரெல்லாம் சுற்றுவது இந்தக் கணக்குதான். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்காகப் போட்ட கணக்கு அது என்ற விவரம் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது.

தமிழர் ஜப்பானியப் பாடநூலைத் திறந்தால் கதையே வேறு. 'நான் நேற்று சென்னையில் புத்தகத்தை வாங்கினேன்' என்பது அங்கே 'வதாஷி வா கினோ சென்னை தே ஹோன் ஓ கத்தா'. 'இல்' நிற்கும் இடத்தில் 'தே', 'ஐ' நிற்கும் இடத்தில் 'ஓ', வினை கடைசியில். இன்னும் வேடிக்கை உண்டு. 'சாப்பிட்டுப் பார்' என்று சொல்லும்போது கண்ணுக்கு வேலையில்லை அல்லவா? ஜப்பானியரும் 'தபெத்தே மிரு' என்கிறார்கள். தபெத்தே சாப்பிட்டு, மிரு பார்த்தல். ஆங்கிலேயர் தனிப் பாடமாகப் படிப்பதைத் தமிழர் ஒரு தலையசைப்போடு கடந்துவிடலாம்.

இத்தகைய ஒப்புமைகளைக் கொண்டு இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதிட்டார் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ. மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிப்பவருக்கு லாபம்தான்.

எழுத்து மட்டும் யாரையும் விட்டுவைப்பதில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த, 'காஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்துகளே 2,136. அதில் ஒரே எழுத்து, ஆசிரியரைக் குறிக்கும் 'சென்செய்'யில் 'செய்'. வாழ்நாளைக் குறிக்கும் 'இஷ்ஷோ'வில் 'ஷோ'. தனியே நின்று வேகாததைச் சொன்னால் 'நமா'. இங்கே தாய்மொழி கைகொடுக்காது, மனப்பாடம்தான்.

கொரிய மொழிக்கு அந்தச் சுமையும் இல்லை. 1446-இல் மன்னர் செஜோங் வெளியிட்ட ஹங்குல் எழுத்தைச் சில நாளில் பழகிவிடலாம். வாக்கிய அமைப்பும் தமிழ்போலத்தான். அமெரிக்கப் பட்டியலிலோ அதற்கும் 88 வாரம்! தமிழர் அந்த எண்ணைப் பார்த்து மலைக்கத் தேவையே இல்லை.

தமிழின் சொந்தச் சிக்கலைத் தமிழர்தான் கவனிப்பதில்லை. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று புத்தகத்தில் படித்த வெளிநாட்டவர், தெருவில் 'போயிட்டிருக்கேன்' என்று கேட்டதும் திகைக்கிறார். ஒரு மொழிக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டைப் படிக்க வேண்டிய நிலை அவருக்கு. வெளிநாட்டவருக்கான பாடநூல்கள் பேச்சுத் தமிழில்தான் தொடங்க வேண்டும். 'எனக்கு ஒரு தேநீர் வேண்டும்' என்பதை முதல் பாடத்தில் வைத்தால், டீக்கடையில் மாஸ்டர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். 'அண்ணே, ஒரு டீ' என்பதற்கு இலக்கணப் புத்தகத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.