விசாரணைக்கு முன்பே தண்டனை: வடசென்னை ஓட்டுநர்களின் முடக்கப்படும் உரிமங்கள்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் கடலோரச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசை இரவு பகலாக நிற்கிறது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய மூன்றின் சரக்கையும் இழுத்துச் செல்லும் ஓட்டுநர்களில் பலருக்கு நியமன ஆணை இல்லை. டிரிப் கணக்கில்தான் கூலி. சாதியின் பெயரால் நிலமும் கல்வியும் மறுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்குக் கனரக வாகன உரிமமே ஒரே மூலதனம். அந்த உரிமம் மூன்று மாதம் முடக்கப்பட்டால் வாடகை, பள்ளிக் கட்டணம், வட்டி அனைத்தும் தடம்புரள்கின்றன.

உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் தேவையற்றது என நாம் வாதிடவில்லை. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. மிகுவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், மதுபோதை, ஓட்டும்போது கைப்பேசி, அதிக பாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்குமாறு அக்குழு 2015இல் மாநிலங்களைப் பணித்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிச் சக்கரத்தில் சிக்கி மடிவோரும் நம் மக்களே. அந்த அதிகாரம் யார் மீது, எந்த முறையில் பாய்கிறது என்பதே நம் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 206(4)ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட சில குற்றங்கள் நடந்ததாக நம்பக் காரணமிருந்தால் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒப்புகைச் சீட்டு தரப்படும். ஆனால் அச்சீட்டை வைத்து வண்டி ஓட்ட இயலாது. விசாரணை எத்தனை நாளில் முடிய வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. எனவே தீர்ப்புக்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது.

காவல்துறைக்குள்ள அதிகாரம் கைப்பற்றி அனுப்புவதோடு முடிகிறது. உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் போக்குவரத்துக் காவலருக்கு இல்லை என்பதைக் கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. போக்குவரத்து அலுவலரும் எண்ணியபடி செயல்பட முடியாது. 19ஆம் பிரிவு அவர் மீது இரு கடமைகளைச் சுமத்துகிறது: ஓட்டுநரின் தரப்பைக் கேட்க வேண்டும்; காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும். விளக்கம் ஏற்கத்தக்கதெனில் ஓட்டுநரை விடுவிக்கவும் 19(1ஏ) இடமளிக்கிறது. நாம் காணும் ஆணைகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒற்றை வரிச் சடங்காகக் கழிகின்றன. விபத்து வழக்குகளில் முதல் தகவல் அறிக்கையே குற்றத்தின் நிரூபணமாகிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கையை மட்டும் கொண்டு உரிமத்தை நிறுத்திவைக்க முடியாதெனச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியும் இவ்வழக்கம் ஓயவில்லை.

அதிக பாரக் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். கண்டெய்னரில் சரக்கை ஏற்றுபவரும் முத்திரையிடுபவரும் ஓட்டுநர் அல்லர். ஏற்றுமதிக் கண்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்து அறிவிக்கும் பொறுப்பு, 2016 சூலை 1 முதல் பன்னாட்டுக் கடல்சார் விதிகளின்படி சரக்கு அனுப்புபவருடையது. எனினும் சாலையில் பிடிபடுவது ஓட்டுநரின் உரிமம். பழுதான பிரேக்கைச் சரிசெய்யாதவர் உரிமையாளர். பாதுகாப்பற்ற வாகனத்துக்கான 190ஆம் பிரிவில் உரிமத்தை இழப்பவர் ஓட்டுநர்.

உரிமத்தை முடக்க 19ஆம் பிரிவு அடுக்கும் காரணங்களில் முதலாவது, ஒருவர் 'வழக்கமான குற்றவாளி' அல்லது 'வழக்கமான குடிகாரர்' என்பது. பிறப்பையே குற்றமாக்கிய 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் ஒழிந்தது. அதன் மொழி ஒழியவில்லை. வடசென்னை முகவரியையே ரவுடிப் பட்டியலாகப் பார்க்கும் கண்களுக்கு இச்சொற்கள் வசதியான கருவி.

2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் பரவியபோதும் அமோனியா கசிந்தபோதும் வல்லுநர் குழுக்கள் அமைந்தன; பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆலைகளின் தரப்பு விரிவாகக் கேட்கப்பட்டது. கேட்கப்படும் உரிமை ஆலைக்கு உண்டெனில், அதன் வாசலில் காத்திருக்கும் ஓட்டுநருக்கும் உண்டு. கடவுச்சீட்டைக்கூட விளக்கம் கேளாமல் பறிக்கக் கூடாதென 1978இல் மேனகா காந்தி வழக்கும், வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதியென 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கும் நிறுவின.

உரிமத்தை மீட்க முனைவோர் செய்ய வேண்டியவை சில. உரிமம் கைப்பற்றப்பட்டால் ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுக. விளக்கம் கேட்கும் அறிவிப்புக்கு எழுத்தில் பதிலளித்து, அதன் நகலில் அலுவலக முத்திரை பெறுக. எடைச் சீட்டு, டிரிப் சீட்டு ஆகியவற்றை இணைக்குக. எந்த வகை வாகனத்துக்குத் தடை என ஆணையில் பார்க்குக. எல்லா வகைக்கும் தடை விதிக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தரப்பைக் கேட்காமலே பிறப்பித்த ஆணையை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவால் எதிர்க்கலாம். தடைக்காலம் முடிந்தபின் உரிமத்தைத் திரும்பப் பெறப் புத்தாக்கப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்கிறது 2019 திருத்தம். உரிமம் கைக்கு வந்த பிறகும் 'சாரதி' இணையப் பதிவில் தடை நீங்கியதா எனச் சரிபார்க்குக. தடைக்காலத்தில் வண்டி ஓட்டினால் 182ஆம் பிரிவின்கீழ் மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். முதலாளியின் வற்புறுத்தலுக்கு இணங்க வேண்டாம்.

அரசிடம் நாம் கோருவன மூன்று. கைப்பற்றிய உரிமத்தின் மீது முடிவெடுக்கக் கால வரம்பு வேண்டும். ஆணைகள் காரணங்களோடு தமிழில் வழங்கப்பட வேண்டும். அதிக பார வழக்குகளில் சரக்கு அனுப்பியவரையும் வாகன உரிமையாளரையும் முதலில் விசாரிக்க வேண்டும். சட்டம் பயிலும் மாணவர்கள் வாரம் ஒரு மாலை இத்தெருக்களில் அமர்ந்து விளக்கக் கடிதம் எழுத உதவினாலே பல குடும்பங்களின் மூன்று மாதங்கள் மீளும்.